நன்றாக இருக்கும் இரண்டு பேர்

கோகிலவாணியின் அறுபத்தாறாவது வயதை இரண்டு விதமாகத் தயாரித்து வைத்திருந்தார்கள். ஒருத்தி ஹார்மோன் மருந்து எடுத்துக்கொண்டவள், இன்னொருத்தி எடுத்துக்கொள்ளாதவள். இருவரிடமும் பேசிப் பார்த்துவிட்டு, ஐம்பத்தொரு வயதுக் கோகிலவாணி தான் யாராக ஆவது என்று முடிவு செய்துகொள்ளலாம். அதற்காகத்தான் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மருத்துவமனையில் நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டிருந்தாள். அது ஒருவகையில் உண்மைதான்.

மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நெஞ்சிலிருந்து கிளம்பிக் காதுவரை ஏறும் ஒரு சூடு, நாளுக்கு ஏழெட்டுத் தடவை, சொல்லாமல் கொள்ளாமல் வந்துபோகும். தூக்கம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. பெயர்கள் நாக்கின் நுனிவரை வந்து திரும்பிப் போயின. இதையெல்லாம் டாக்டர் மிருணாளினி முதல் சந்திப்பில் துருவித் துருவிக் கேட்டபோது, கோகிலவாணி சொன்ன பதில் "லேசா இருக்குதுங்க, பெருசா ஒண்ணுமில்லீங்க" என்பதுதான். அக்கா மார்பில் கட்டி வந்து நாற்பத்தொன்பதில் போனதையும், அம்மா இடுப்பெலும்பு முறிந்து நாலு வருடம் படுக்கையில் கிடந்ததையும் மட்டும் தேதிவாரியாகச் சொன்னாள். மற்றவர்களுடைய நோயைச் சொல்வதில் அவளுக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

"அக்காவப் பாத்தா மருந்து வேண்டாம்னு தோணும், அம்மாவப் பாத்தா வேணும்னு தோணும்," என்றார் டாக்டர் இந்த வியாழக்கிழமை. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். "ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா வருதுங்க. இந்த மாதிரி இழுபறிக்குத்தான் பிரதி எடுக்கறோம். உங்க ரத்தம், ஸ்கேன், மூணு மாசம் நீங்க மணிக்கட்டுல கட்டியிருந்த பட்டை, நீங்க அனுமதி கொடுத்த போன் பேச்சு, எல்லாத்தையும் போட்டு உங்க உடம்பையும் உங்க குணத்தையும் பதினஞ்சு வருஷம் ஓட்டிப் பாத்தாச்சு."

"அப்ப என்ன ஆச்சுன்னு நீங்களே பாத்துச் சொல்லிறலாமில்லீங்களா?"

"பாக்கக் கூடாதுங்க. பிரதியோட உடம்பும் ஒருத்தங்க உடம்புதான், அவங்க சம்மதமில்லாம தொறந்து பாக்கறது குத்தம்னு தீர்ப்பு வந்திருச்சு. அவங்களா வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு. நீங்க கேளுங்க. உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப் போறாங்க?"

அறையில் ஒரு நாற்காலி, எதிர்ச்சுவர் முழுக்கத் திரை. முதலில் மருந்து எடுக்காதவள் வந்தாள். கோகிலவாணி தன்னை வயதான கோலத்தில் பார்த்துப் பதறுவோம் என்று பயந்துகொண்டிருந்தாள். அப்படியொன்றும் ஆகவில்லை. அப்படியே அம்மா ஜாடை. நீலச் சேலையில் அமர்ந்து, இவளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"எப்படி இருக்கறீங்க?" என்றாள் கோகிலவாணி. தன்னைத்தானே மரியாதையாக அழைப்பது விநோதமாக இருந்தது. ஆனால் வயதில் மூத்தவள்.

"எனக்கென்ன கண்ணு, நல்லா இருக்கறேன். நீ சாப்பிட்டியா?"

"எலும்பெல்லாம் எப்படி? தூக்கம்?"

"வயசானா எல்லாருக்கும் இருக்கறதுதான். பெருசா ஒண்ணுமில்ல. ஏன் இப்படி எளைச்சுக் கெடக்கற?"

பத்து நிமிடம் பேசினாள். பிள்ளைகள் நலம், வீட்டுக்காரர் நலம், கறிவேப்பிலைச் செடி நன்றாக வந்திருக்கிறது என்பது தெரிந்தது. அடுத்து மருந்து எடுத்துக்கொண்டவள் வந்தாள். பச்சைச் சேலை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் நன்றாகத்தான் இருந்தாள். அவளும் சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

கோகிலவாணி சாதாரண ஆள் இல்லை. இருபத்தாறு வருடமாக எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளர். கோவை மாவட்டத்தில் எந்தத் தராசு பொய் சொன்னாலும் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறவள் என்று வியாபாரிகள் மத்தியில் பேர். எதை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டும் தராசைச் சோதிக்க அவளுக்கு ஒரு முறை உண்டு: எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பது. இங்கேயும் அதையே செய்தாள்.

"போன ஆனி மாசம் பெரிய மார்க்கெட்டுல மயங்கி விழுந்தமே, ஞாபகம் இருக்குதுங்களா? தக்காளிக் கூடை மேல?"

"ஆமா, லேசா தலை சுத்துச்சு," என்றாள் பச்சைச் சேலைக்காரி.

லேசாகச் சுற்றவில்லை. நாலு நிமிடம் நினைவு இல்லை. நெற்றியில் மூன்று தையல். கோகிலவாணி எழுந்து வெளியே வந்து டாக்டரிடம் புகார் சொன்னாள்.

"உங்க இயந்திரம் பழுதுங்க. தப்பாக் காட்டுது."

டாக்டர் கணினியில் தேடிப் பார்த்தார். "மயங்குன அன்னைக்கு அவசரப் பிரிவுல கேட்டப்ப நீங்க சொன்னது இது. 'லேசா தலை சுத்துச்சு.' அச்சு அசலா அதேதான் சொல்லியிருக்காங்க. இயந்திரம் சரியாத்தாங்க இருக்கு." சொல்லிவிட்டுச் சங்கடமாகப் பார்த்தார். "நீங்க யார்கிட்டயாவது உள்ளத உள்ளபடி சொல்றது உண்டுங்களா? அப்படி ஆள் இருந்தா அவங்களப் பேச விடலாம். விதியில எடமிருக்கு."

கோகிலவாணி கணவன் ஜெகதீசனை நினைத்தாள். பம்புசெட் கம்பெனியில் மேற்பார்வையாளர், நல்ல மனிதர், சின்ன விஷயத்துக்கும் முகம் வாடிப் போகும். அவரிடம் சொன்னால் அவரையும் சேர்த்துத் தேற்ற வேண்டிவரும். மகள் பெங்களூரில் நிறைமாதம். மகனுக்குப் பரீட்சை. மகனுக்கு எப்போதுமே ஏதாவது ஒரு பரீட்சை இருந்துகொண்டுதான் இருந்தது.

"கீழ வண்டியில ஒரு ஆள் இருக்குதுங்க," என்றாள்.

துறையின் வண்டிகள் தாமாகவே ஓடத் தொடங்கிப் பல வருடமாகிறது. ஆனாலும் அரசாங்கத்தின் எடைக்கற்கள் ஆளில்லாத வண்டியில் போகக் கூடாது என்று ஒரு பழைய விதி இருந்ததால் ஓட்டுநர் பதவி மட்டும் தப்பிப் பிழைத்தது. ஷம்ஷாத் பதினோரு வருடமாக அந்தப் பதவியில் இருந்தாள். ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் கேட்பதுதான் அவள் வேலையாகிவிட்டது. ஊர் ஊராகப் போகும்போது கோகிலவாணி கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.யைக் கூட்டிவிட்டுச் சொல்லத் தொடங்குவாள். வண்டி இல்லாத நாட்களில் போனில் பேசிப் பதிந்து அனுப்புவாள்.

அந்தக் குழந்தைத் தராசு விஷயமும் ஷம்ஷாத்துக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மாதம் முன்பு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மூன்று நாள் தூக்கமில்லாத தலையோடு, இரண்டாவது கல்லை வைத்துப் பார்க்காமலே கோகிலவாணி முத்திரை குத்திவிட்டாள். அது முந்நூறு கிராம் கூடுதலாகக் காட்டும் தராசு. இரண்டு நாள் கழித்து வண்டியில் போகும்போதுதான் உறைத்தது. "திருப்பு, திருப்பு" என்று கத்தினாள். அதற்குள் பதினோரு குழந்தைகளை எடை போட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பியிருந்தார்கள். மறுபடி வரவழைத்ததில் இரண்டு குழந்தைகள் எடை குறைவு. மாத்திரையா வேண்டாமா என்ற கேள்வி அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையான கேள்வியானது. இன்னொரு தராசு இப்படித் தவறினால் அவளால் தாங்க முடியாது. டாக்டரிடம் இதை 'கொஞ்சம் மறதி' என்று சொல்லியிருந்தாள்.

ஷம்ஷாத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மேலே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "ரெண்டு மேடமா?" என்றாள். "ஒண்ணையே சமாளிக்க முடியல."

பக்கத்து அறையில் கோகிலவாணிக்கு ஒரு காதொலிப்பானைக் கொடுத்தார்கள். "சட்டப்படி அவங்க நீங்கதான், நீங்க கேக்கலாம். நான் கேக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு டாக்டர் டீ குடிக்கப் போனார்.

முதலில் நீலச் சேலை.

"அட, ஷம்ஷாத்தா? வா அம்மிணி, வா! கதவச் சாத்து." குரலே மாறிப் போயிருந்தது.

"எப்படிக்கா இருக்கீங்க?"

"எங்க இருக்கறேன். முதுகெலும்பு ரெண்டு எடத்துல அமுங்கிப் போச்சு. மூணு அங்குலம் கொறைஞ்சுட்டேன், தெரியுமா? சேலைய எறக்கம் தெரியாம மடிச்சுக் கட்டிக்கறேன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. இருமுனா வலிக்குது, அதனால இருமறதில்ல."

"வேலை?"

நீலச் சேலை தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "அம்பத்தி நாலுலயே விட்டுட்டேன். சீல் அடிக்கக் கை வரல. ஒரு கடைக்கே நாலு தடவ திரும்பித் திரும்பிப் போய்ப் பாத்தேன். சரியா இருந்தாலும் நம்பிக்கை வரமாட்டீங்குது. வேலை சலிச்சுப் போச்சுன்னு வீட்டுல சொல்லிட்டேன். அவரு சந்தோசமா எல்லாரையும் கூப்பிட்டு விருந்து போட்டாரு. நான் பந்தியில நின்னு பரிமாறுனேன்."

"அந்த மருந்த ஏன்க்கா வேண்டாம்னீங்க?"

"வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? தீபாவளி கழிச்சுப் போலாம்னு இருந்தேன். அப்புறம் புள்ளைக்குப் பிரசவம். அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிக்கற வேலை. அப்படியே போயிருச்சு. இப்பப் போனா, ஆரம்பிக்கற காலம் தாண்டிருச்சுங்கறாங்க."

பக்கத்து அறையில் கோகிலவாணியின் காதுவரை சூடு ஏறியது. இந்தத் தடவை அது ஹார்மோன்தானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. பதினைந்து வருடத்தை ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லிக்கூட இழக்கவில்லை, வெள்ளையடிப்பில் இழந்திருக்கிறாள்.

ஷம்ஷாத் எழப் போகும்போது நீலச் சேலை தாழ்ந்த குரலில், "இதெல்லாம் அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிறாத," என்றாள்.

"எந்தப் புள்ளைக்கா?"

"அதான், அம்பத்தொண்ணுல இருக்கறாளே. முன்னால வந்து கேட்டுட்டுப் போனா. பாவம், பயந்துக்குவா."

அடுத்தது பச்சைச் சேலை. இவளும் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"மூணாவது வாரமே தூக்கம் வந்துருச்சு அம்மிணி. விடிஞ்சு எந்திரிச்சப்ப, யாரோ என்னையக் கழுவிக் கவுத்து வெச்ச மாதிரி இருந்துச்சு. அறுவது வரைக்கும் வேலை பாத்தேன். ஒரு சீல் தப்பாப் போகல. மார்ல வருசா வருசம் படம் எடுக்கறாங்க. எடுக்கற வாரம் பூரா சோறு எறங்காது. இதுவரைக்கும் ஒண்ணும் வரல."

கோகிலவாணி மூச்சு விட்டாள். முடிவு கிடைத்துவிட்டது என்று நினைத்து எழக்கூடப் பார்த்தாள்.

"அப்புறம் அம்பத்தேழுல காலு," என்றாள் பச்சைச் சேலை.

"என்ன காலு?"

"எடது கெண்டைக்கால். ஒரு வாரம் கொழுக்கட்டையாட்ட வீங்கிக் கெடந்துச்சு. போச்சாது, நடந்தாச் சரியாயிரும்னு விட்டேன். ஒரு நாள் பஸ்ல போறப்ப மூச்சே எடுக்க முடியல. ரத்தக்கட்டி காலுல இருந்து நுரையீரலுக்கு ஏறிருச்சாம். பதினோரு நாள் கண்ணாடி ரூமுல வெச்சிருந்தாங்க. மாத்திரை சாப்பிடறவங்கள்ல சிலருக்கு வருமாம். மாத்திரை எழுதறதுக்கு முன்னாலயே, கால் எப்பவாவது வீங்கியிருக்குதான்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்க. இல்லீங்கன்னேன்."

"ஏன்க்கா பொய் சொன்னீங்க? ரெண்டாவது பிரசவம் முடிஞ்சு ஒரு மாசம் வீங்குன காலோட யாருக்கும் தெரியாம நடந்தேன்னு வண்டியில சொன்னீங்களே? இன்னும் வலிக்குதுன்னு?"

"உன்கிட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரில எதுக்குச் சொல்லணும்? அப்ப அவரு கம்பெனியப் பூட்டிட்டாங்கன்னு வேலையில்லாம ஒக்காந்திருந்தாரு. கைக்கொழந்தை. மாமியார் ஒடம்புக்கு முடியாம இருந்தாங்க. என்ற காலைப் பாத்துட்டிருக்க அதுவா நேரம்? ஒருத்தருக்கும் தெரியாது. இனி எதுக்குத் தெரியணும்?" பச்சைச் சேலை குனிந்து மடிப்பைத் தடவினாள். "அந்தப் புள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லாத. நல்லா இருக்கறேன்னே சொல்லு."

கோகிலவாணி காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. அவளுக்கே நடக்கப்போகிற விஷயத்தை அவளிடமே மறைக்கிறார்கள் இரண்டு பேர், அதுவும் பாவம் என்று சொல்லி. யார் இவர்களைக் கேட்டது? நான் என்ன குழந்தையா? இந்த வாக்கியத்தை அவள் மனதுக்குள் ஐந்தாறு தடவை சொன்னாள். பிறகுதான், இதே வாக்கியத்தைச் சொல்ல உரிமையுள்ளவர்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பது தோன்றியது. கோபம் போகவில்லை. ஆனால் யார்மேல் என்பது குழம்பிப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் திரும்பி வந்தார். "ஏதாவது சொன்னாங்களா? நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

கட்டாயம் இல்லைதான். மாத்திரைச் சீட்டு மேசைமேல் எழுதித் தயாராக இருந்தது. வாங்கிக்கொண்டு போனால் மூன்று வாரத்தில் தூக்கம் வரும். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுவார். எப்படியும் நல்லா இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கோகிலவாணி தன் இடது காலைப் பார்த்தாள்.

"டாக்டர், பத்தொம்பது வருசத்துக்கு முன்னால எனக்கு இந்தக் கால் வீங்குச்சுங்க," என்றாள்.

தொடங்கியபின் நிறுத்தத் தெரியவில்லை. கால், தக்காளிக் கூடை, தூங்காத இரவுகள், பதினோரு குழந்தைகள். முடிந்ததும் டாக்டர் மாத்திரைச் சீட்டை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"இதச் சொல்லியிருந்தா மாத்திரையே எழுதியிருக்க மாட்டேங்க. வாய் வழியாப் போற மருந்து ரத்தத்தக் கட்டியாக்கற பயம் ஜாஸ்தி. தோல்மேல ஒட்டற பட்டை இருக்கு, அதுல அந்தப் பயம் ரொம்பக் கம்மி. ஆனா மொதல்ல ரத்தம் ஒறையற சோதனை, காலுக்கு ஸ்கேன். ரத்த டாக்டரும் பாத்துச் சரின்னாத்தான் ஆரம்பிக்கலாம். மார்பு படம் வருஷா வருஷம், அதுல மாத்தமில்ல." கொஞ்சம் நிறுத்தி, "வேணும்னா பட்டை ஒட்டறவங்களா மூணாவது பிரதி ஒண்ணு எடுக்கலாம். ஆறு வாரம் ஆகும். அவங்களயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க," என்றார்.

"வேண்டாங்க. அவளும் நல்லா இருக்கறேன்னுதான் சொல்லுவா. சோதனைக்கு இன்னைக்கே ரத்தம் எடுத்துக்குங்க. சரின்னு வந்தா நான் ஒட்டிக்கறேன். தீபாவளிக்கு முன்னால."

தீபாவளி ஏன் வந்தது என்று டாக்டருக்குப் புரியவில்லை. அவர் கேட்கவும் கூடாது.

அடுத்த வியாழக்கிழமை முடிவுகள் வந்திருந்தன. துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்று மருத்துவமனை வற்புறுத்தியதால் ஜெகதீசன் வந்தார். எதற்கு என்று கேட்டவரிடம், "பொம்பளைங்க சமாச்சாரம், சும்மா ஒரு செக்கப்புங்க" என்று கோகிலவாணி சொல்லியிருந்தாள். டாக்டரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டதாலேயே எல்லாரிடமும் சொல்ல வந்துவிடும் என்று நினைத்தால் அது தவறு.

ரத்தம் சரியாக இருந்தது. ரத்த டாக்டர் சம்மதித்திருந்தார். செவிலி முதல் பட்டையை இடுப்புக்குக் கீழே ஒட்டிவிட்டாள். இரண்டு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்கா இத்தனை பாடு என்றிருந்தது.

வெளியே வந்தபோது காத்திருக்கும் இடத்தில் ஜெகதீசன் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து தாண்டிய துணையாட்களையும் விட்டுவைக்காமல் பதிந்துகொள்வது மருத்துவமனையின் வழக்கம். போன வாரத்திலிருந்து படிவத்தில் ஒரு புதுக் கேள்வி சேர்த்திருந்தார்கள். 'உங்கள் உடல்நிலையை நீங்கள் மறைக்காமல் சொல்லும் நபர் யார்?' ஜெகதீசன் அந்த இடத்தில் யோசிக்காமல் 'கோகிலவாணி, மனைவி' என்று எழுதி, அடுத்த வரிக்குப் போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வரவேற்பில் இருந்த பெண் கோகிலவாணி நிரப்பிய படிவத்தை அவரிடம் நீட்டினாள். துணையாள் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாக வாசித்தார். எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதிலும் இருந்த அந்தப் புதுக் கேள்விக்கு எதிரே மனைவியின் கையெழுத்தில் 'ஷம்ஷாத், ஓட்டுநர்' என்று இருந்தது.

"டிரைவரம்மாவா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மாட்டினார். பிறகு மறுபடி கழற்றி, தன் படிவத்தின் ஓரத்தைக் கிழித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா நெம்பரைச் சொல்லு வாணி."

"எதுக்குங்க?"

"இனிமே நீ எப்படி இருக்கறீன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் கேஸ் ஏஜென்சி நம்பர் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, எழுதத் தயாராகக் குனிந்திருந்தார்.

கோகிலவாணி எண்ணைச் சொன்னாள். ஆறு இலக்கம்வரை சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். ஏழாவது வரவில்லை. அவர் நிமிராமலே காத்திருந்தார்.

"எழுதாதீங்க," என்றாள். "எடது கால் வலிக்குதுங்க. பையன் பொறந்ததுலேருந்தே ஒரு வலி இருக்குது. இன்னும் நெறைய இருக்குதுங்க, நானே சொல்றேன், ஒக்காருங்க."

அவர் உட்கார்ந்துதான் இருந்தார். ஆனாலும் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.